அயர்லாந்துப் பெண்களின் வளைகோற் பந்தாட்டம்

2025-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், அயர்லாந்து நாட்டின் மன்ஸ்டர் மாகாணத்தில் பெண்களுக்கான இறுதி ஆட்டம் ஒன்று நடந்திருக்க வேண்டும். கார்க், வாட்டர்போர்டு என்னும் இரு மாவட்ட அணிகளும் ஆயத்தமாக இருந்தன. ஆயினும் ஆட்டம் நடைபெறவில்லை. குறித்த நாள் வருமுன்பே தள்ளிவைக்கப்பட்டது. மழையோ புயலோ அதற்குக் காரணமன்று. விதிப்படி அணிய வேண்டிய பாவாடை போன்ற உடையை விடுத்து, அரைக்காற்சட்டை அணிந்து ஆடப் போவதாக ஆட்டக்காரிகள் அறிவித்திருந்தனர். விதி அதற்கு இடந்தரவில்லை.

ஓர் உடையைப் பற்றிய வழக்குத்தானே என்று இதனை எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் இதன் வேரைத் தேடிச் சென்றால், 120 ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிச் சங்கத்தில் கூடிய சில இளம் பெண்களிடம் போய்ச் சேருவோம். தாங்கள் ஆட விரும்பிய ஆட்டத்துக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்கள் தொடங்கிய ஆட்டத்தின் பெயர் கமோகி.

நம் நாட்டில் இப்பெயரைக் கேள்விப்பட்டவர் சிலரே. எனினும் அயர்லாந்து நமக்கு முற்றிலும் அயலான நாடன்று. குழந்தை இயேசு சபைக் கன்னியர் 1852-இல் பினாங்கில் வந்திறங்கினர். பின்னர் மலாயாவின் பல நகரங்களில் கான்வெண்ட் பள்ளிகளை நிறுவினர். கிள்ளான் கான்வெண்ட் 1924-இல் தோன்றியது. அச்சபையார் 1909-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், டிரிஷேன் என்னுமிடத்தில் ஒரு மடம் அமைத்தனர். அங்கிருந்து புறப்பட்ட கன்னியர் பலர் கீழை நாடுகளில் ஆசிரியைகளாகப் பணிபுரிந்தனர். மலாயாப் பெண்களில் பல தலைமுறையினர் ஐரிஷ் ஆசிரியைகளிடம் பாடம் கேட்டவர்கள். அவர்கள் பிறந்த நாட்டுப் பெண்கள் ஆடிய ஆட்டத்தின் கதையை நாமும் அறிந்துகொள்வது பொருத்தமே.

ஆட்டமும் பெயரும்

அயர்லாந்து ஆண்கள் நெடுங்காலமாக ஆடிவரும் ஆட்டம் ஹர்லிங். ஆஷ் என்னும் மரத்தில் செய்த, முனை அகன்று வளைந்த மட்டையால், தோல் போர்த்த சிறு பந்தை அடித்து ஆடுவது அது. ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையோடு செல்லும். ஹர்லிங்கில் அப்படியன்று. மட்டையால் பந்தைத் தூக்கலாம், கையால் பிடிக்கலாம், மட்டை முனையில் பந்தை ஏந்தியபடியே ஓடலாம், தலைக்கு மேல் பறந்து வரும் பந்தையும் அடிக்கலாம். திடலின் இரு கோடியிலும் உயரமான இரு கம்பங்களும், அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குக் கம்பமும் நிற்கும். குறுக்குக் கம்பத்தின் கீழே பந்து சென்றால் ஒரு கோல். அது 3 புள்ளிகளுக்குச் சமம். மேலே சென்றால் 1 புள்ளி. இந்த ஆட்டத்தையே தங்களுக்கு ஏற்றவாறு அமைத்துப் பெண்கள் ஆடுவது கமோகி.

ஐரிஷ் மொழியில் 'கம்' என்றால் வளைந்தது என்று பொருள். ஆண்களின் மட்டைக்கு 'கமான்' என்று பெயர். பெண்களுக்கென்று சற்றுச் சிறிதாகச் செய்த மட்டை 'கமோக்' எனப்பட்டது. அதிலிருந்து ஆட்டத்தின் பெயர் பிறந்தது; ஆங்கில வழக்கில் அது கமோகி என்றாயிற்று. தமிழில் நாம் ஹாக்கியை வளைகோற் பந்தாட்டம் என்கிறோம். கோலின் வளைவைக் கண்டு பெயரிட்ட முறை இரு மொழிகளிலும் ஒன்றாக இருக்கிறது. இதைக்கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு கற்பிப்பது தவறு. கண்ட பொருளுக்குத் தாய்மொழியிலேயே பெயர் வைக்க வேண்டும் என்னும் எண்ணம் இருவருக்கும் பொது என்று மட்டும் கொள்ளலாம்.

மொழிச் சங்கத்தில் பிறந்தது

அக்காலத்தில் அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கடல் கடந்து வெளியேறினர். ஐரிஷ் மொழி பேசிய சிற்றூர்களே இதில் பெரிதும் அழிந்தன. பள்ளிகளில் ஆங்கிலமே கோலோச்சியது. தாய்மொழி நாட்டுப்புறத்தின் மூலைகளில் ஒதுங்கியது.

இந்நிலையை மாற்ற இரு இயக்கங்கள் எழுந்தன. 1884-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தர்லஸ் என்னும் ஊரில் மைக்கேல் குசாக் முதலியோர் கூடிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். ஹர்லிங் முதலிய நாட்டு விளையாட்டுகளுக்கு அச்சங்கம் புத்துயிர் அளித்தது; ஆனால் அந்த விளையாட்டுகள் ஆண்களுக்கே உரியனவாக இருந்தன. 1893-இல் டக்ளஸ் ஹைட், ஓன் மக்நீல் ஆகியோர் கேலிக் லீக் என்னும் மொழிச் சங்கத்தைத் தொடங்கினர். இச்சங்கம் பெண்களையும் உறுப்பினராக ஏற்றது. ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஐரிஷ் மொழி கற்றனர்; விழாக்களிலும் ஒன்றாகக் கலந்துகொண்டனர்.

டப்ளின் நகரில் அச்சங்கத்தின் கிளை ஒன்று, 17-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் கீட்டிங்கின் பெயரால் இயங்கியது. அக்கிளையைச் சேர்ந்த பெண்கள் 1903, 1904 ஆண்டுகளில் ஒரு கேள்வியை எழுப்பினர். மொழி பெண்களுக்கும் உரியதானால் நாட்டு விளையாட்டும் உரியதல்லவா? அவர்களுள் மாய்ரே நி கின்னேடே, காய்ட் நி தொன்னகா ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். காய்ட்டின் சகோதரரும் தமிழ்ப் புலவரை ஒத்த மொழிப் பற்றுடையவருமான தைக் ஓ தொன்னகா ஆட்டத்துக்குப் பெயரிட்டு, விதிகளை எழுத்தில் அமைக்கத் துணைபுரிந்தார்.

அண்டை நாடான இங்கிலாந்தில் இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் ஹாக்கி ஆடத் தொடங்கியிருந்தனர். ஆண்களின் ஹாக்கிச் சங்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. எனவே 1895-இல் அவர்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். ஆகவே, வாசல் திறக்கட்டும் என்று காத்திராமல் தமக்கெனத் தனி வீடு கட்டிக்கொள்வதே அக்காலப் பெண்களின் வழியாக இருந்தது எனலாம்.

முதல் ஆட்டம்

1904-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், நாவன் என்னும் நகரில் மொழிச் சங்கத்தார் நடத்திய திறந்தவெளி விழாவில் கமோகி முதன்முறையாகப் பொதுமக்கள் முன் ஆடப்பட்டது. கீட்டிங் அணியும் கூகுலின் அணியும் எதிர்த்து நின்றன. ஊனா நி தொன்னகா அடித்த ஒரே கோலினால் கீட்டிங் அணி வென்றது.

அதே காலத்தில் நம் பகுதி எப்படியிருந்தது என்பதையும் நினைவிற்கொள்வது நலம். இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் துறைமுகம், போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரோடு 1901-இல்தான் திறக்கப்பட்டது. இன்றைய பெயரை அது 1972-இல் பெற்றது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகத் தொடங்கிய நாள் அது. ஒப்பந்தக் கூலிமுறை இங்கு 1910-இல்தான் ஒழிக்கப்பட்டது. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்னும் தொழிலாளர் சட்டம் 1912-இல் வந்தது. பால்மரத்தடியில் விடியலைக் கண்ட தோட்டத்துப் பெண்ணுக்கும் ஆட்டத் திடலுக்கும் இடையே இருந்த தூரம், கிள்ளானுக்கும் டப்ளினுக்கும் இடையே இருந்த தூரத்தைவிடக் குறைந்ததன்று.

சங்கமும் கிண்ணமும்

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் டப்ளினில் கமோகிச் சங்கம் முறைப்படி தொடங்கப்பட்டது. மாய்ரே நி கின்னேடே அதன் முதல் தலைவியானார். இவ்வம்மையார் விளையாட்டோடு நின்றுவிட்டவரல்லர். பிளாஸ்கெட் தீவில் வாழ்ந்த பெய்க் சேயர்ஸ் என்னும் கதைசொல்லி, தம் வாழ்க்கையை வாய்மொழியாகக் கூற, மகன் எழுதி வைத்தார். அதைப் பதிப்பித்து 1936-இல் நூலாக வெளியிட்டவர் இவரே. பல்லாண்டுகள் அயர்லாந்துப் பள்ளிகளில் அந்நூல் பாடமாக இருந்தது. ஆட்டத்துக்கு விதி தந்தவரே ஒரு பாமரப் பெண்ணின் சொல்லுக்கு அச்சும் தந்தார் என்பது ஆசிரியர்கள் மனத்திற்கொள்ளத் தக்கது.

தொடங்கிய சில ஆண்டுகளில் சங்கம் தளர்ந்தது. 1911-இல் அதற்கு மீண்டும் உயிரூட்டியவர்களுள் ஷான் ஓ டஃபி குறிப்பிடத்தக்கவர். 1912-இல் டப்ளின், லௌத் மாவட்ட அணிகள் மோதின. மாவட்டங்களுக்கிடையே நடந்த முதல் ஆட்டம் அதுவே. 1915-இல் பல்கலைக்கழக மாணவியருக்கு ஆஷ்பர்ன் கிண்ணப் போட்டி ஏற்பட்டது. 1932-இல் அயர்லாந்து முழுமைக்குமான சாம்பியன் போட்டி தொடங்கியது. அதற்குரிய கிண்ணத்தை வழங்கியவர் ஓ டஃபியே. இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. முதல் ஆண்டில் டப்ளின் வென்றது.

சங்கத்துக்குள் பூசல்களும் இல்லாமலில்லை. 1930-களில் ஹாக்கி ஆடும் பெண்களைக் கமோகியில் சேர்க்கலாமா என்னும் கேள்வி பெரிதாயிற்று. ஹாக்கி அன்னியர் ஆட்டம், அதைத் தொடுபவருக்கு இங்கே இடமில்லை என்றனர் ஒரு சாரார். ஆட்டக்காரியின் மற்ற விருப்பங்களைத் தடுக்கச் சங்கத்துக்கு என்ன உரிமை என்றனர் மற்றொரு சாரார். இதனால் சங்கமே பிளவுண்டது. ஆடுபவரின் விருப்பத்தை விதி எவ்வளவு தூரம் கட்டலாம் என்னும் வழக்கு அன்றே எழுந்துவிட்டது என்பதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாகாணப் போட்டிகள்

அயர்லாந்துத் தீவில் லென்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் என்னும் 4 மாகாணங்களும், அவற்றுள் 32 மாவட்டங்களும் உண்டு. அரசியலால் தீவு இரண்டாகப் பிரிந்தபோதும் விளையாட்டு பிரியவில்லை. வட அயர்லாந்தின் ஆண்ட்ரிம் அணியும், தென்பகுதியின் டப்ளின் அணியும் ஒரே கிண்ணத்துக்கு ஆடுகின்றன.

ஒவ்வொரு மாகாணத்துக்குள்ளும் மாவட்டங்கள் மோதும் போட்டி ஒரு வகை. மாகாணமும் மாகாணமும் மோதுவது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகைக்கு 1956-இல் கேல் லின் கிண்ணம் ஏற்பட்டது. கிண்ணத்துக்குப் பெயர் தந்த கேல் லின், 1953-இல் ஐரிஷ் மொழி வளர்ச்சிக்கென்றே தோன்றிய அமைப்பு. மொழிச் சங்கத்தில் பிறந்த ஆட்டம் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் மொழிச் சங்கத்தின் கையாலேயே கிண்ணம் பெற்றது.

மாகாண அணியினால் விளைந்த நன்மை யாது? 1948 முதல் 1966 வரையுள்ள 19 ஆண்டுகளில் டப்ளின் 18 முறை நாட்டுச் சாம்பியனாயிற்று. 1956-இல் மட்டும் ஆண்ட்ரிம் வென்றது. இவ்வாறு ஒரு மாவட்டமே ஓங்கி நிற்குமானால், வலுவற்ற மாவட்டத்தில் பிறந்த திறமைசாலி பெரிய திடலைக் காணாமலே காலங்கழிக்க நேரும். மாகாண அணியோ பல மாவட்டங்களிலிருந்து ஆள் பொறுக்குவது. ஆகவே சிறிய ஊர்ப் பெண்ணுக்கும் அங்கு இடமுண்டு.

டப்ளினின் அந்தப் பொற்காலத்தில் புகழ் பெற்றவர் கேத்லீன் மில்ஸ். இவர் இரயில்வே ஊழியர் விளையாட்டுக் கழகத்தின் அணியில் ஆடியவர். 1942-க்கும் 1961-க்கும் இடையில் 15 முறை நாட்டுச் சாம்பியன் பதக்கம் பெற்றார். செந்தூல் பட்டறையையும் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே வீடுகளையும் அறிந்த நம்மவருக்கு, இரயில்வேக் குடியிருப்பிலிருந்து ஒரு சாம்பியன் எழுந்தது வியப்பாகத் தோன்றாது.

உடை பற்றிய விதி

தொடக்க காலத்தில் கமோகி ஆடிய பெண்கள் தரையை நெருங்கும் நீண்ட பாவாடை அணிந்தே ஆடினர். பாவாடையால் வேண்டுமென்றே பந்தைத் தடுப்பது குற்றம் என்று ஒரு விதியே இருந்தது. அக்காலச் சமூகம் பெண்ணிடம் எதிர்பார்த்த அடக்கத்துக்கும், ஓட வேண்டும் என்னும் ஆசைக்கும் இடையே அவர்கள் செய்துகொண்ட உடன்பாடு அது. அவ்வுடையின்றி அவர்களைத் திடலில் இறங்க விட்டிருக்க மாட்டார்கள். ஆகவே 1904-இல் பாவாடை ஒரு சாவி. அதைக்கொண்டுதான் கதவு திறந்தது.

காலம் மாறியது; பாவாடையின் நீளமும் குறைந்தது. நெடுங்காலம் அணிக்கு 12 பேராகச் சிறிய திடலில் ஆடியவர்கள், 1999-இல் ஆண்களைப் போலவே 15 பேராகப் பெரிய திடலுக்கு மாறினர். 2018-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ, ஹர்லிங்கையும் அதனோடு கமோகியையும் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்தனைக்குப் பின்னும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஆட்டத்தில் ஸ்கார்ட் எனப்படும் உடையையே அணிய வேண்டும் என்பது விதியாக நின்றது. வெளியே பாவாடை போலவும் உள்ளே காற்சட்டையாகவும் தைத்த உடை அது. பயிற்சியில் அரைக்காற்சட்டையோடு ஓடிய பெண்கள், போட்டியன்று அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொண்டனர்.

2024-ஆம் ஆண்டுப் பேராளர் மாநாட்டில் அரைக்காற்சட்டையை அனுமதிக்கும் தீர்மானங்கள் தோற்றன. சங்க முறைப்படி 2027 வரை மீண்டும் அதனைக் கொண்டுவர இயலாத நிலை அப்போது இருந்தது. ஆட்டக்காரர் சங்கம் கருத்துக் கேட்டபோது, நூற்றுக்கு 70 பேர் அவ்வுடை தங்களுக்கு வசதியாக இல்லை என்றனர். நூற்றுக்கு 83 பேர் எதை அணிவது என்பதைத் தாங்களே தேர்ந்துகொள்ள வேண்டும் என்றனர். சாவியாக இருந்தது காலப்போக்கில் பூட்டாகிவிட்டது.

2025-ஆம் ஆண்டுப் பருவம்

அவ்வாண்டு மே 3-ஆம் நாள் லென்ஸ்டர் மாகாண அரையிறுதியில் டப்ளினும் கில்கெனியும் மோதின. எதிரெதிர் அணிகளாயினும் இரண்டும் ஒன்றுபட்டு அரைக்காற்சட்டையுடன் திடலுக்கு வந்தன. உடை மாற்றாவிடில் ஆட்டம் கைவிடப்படும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் உள்ளே சென்று உடை மாற்றி வந்து ஆடினர். அந்தக் காட்சி நாடெங்கும் பேச்சாயிற்று. அடுத்த வாரம் கார்க், வாட்டர்போர்டு ஆட்டக்காரிகளும் அதே வழியில் நிற்கவே, மன்ஸ்டர் இறுதி ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

கிண்ணத்துக்காக ஓராண்டு உழைத்தவர்கள், அந்தக் கிண்ணம் கைநழுவினாலும் நழுவட்டும் என்று நின்றார்கள். கல் வீச்சில்லை, வசைச் சொல்லில்லை. எதிரணியோடு கைகோத்து நின்றதே அவர்கள் ஆயுதம். மே 22-ஆம் நாள் சிறப்பு மாநாடு கூடியது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 98 பேர் ஆதரிக்க, இரண்டு உடைகளில் எதையும் அணியலாம் என்னும் புது விதி நிறைவேறி உடனே அமலுக்கு வந்தது. பாவாடையே வேண்டும் என்பவளுக்கும் தடையில்லை என்பதை இங்கு மறந்துவிடலாகாது.

அப்பருவம் வெறும் உடைச் சண்டையாக முடிந்துவிடவுமில்லை. ஆகஸ்டு 10-ஆம் நாள் டப்ளினின் குரோக் பார்க் திடலில் நடந்த நாட்டு இறுதி ஆட்டத்தில் கால்வே அணி 1 கோலும் 14 புள்ளிகளும், கார்க் அணி 1 கோலும் 13 புள்ளிகளும் எடுத்தன. ஒரே ஒரு புள்ளியில் கிண்ணம் கால்வேக்குச் சென்றது.

நமக்குரிய பாடம்

இது அயர்லாந்தின் கதை மட்டுமன்று. உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகம் 2005 முதல் கோலாலம்பூரில் இருக்கிறது. 2011-இல் அச்சம்மேளனம், உயர்நிலைப் போட்டிகளில் பெண்கள் பாவாடை அணிந்தே ஆட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவர முயன்றது. உலகெங்கும் எதிர்ப்பு எழவே, 2012-இல் அதனைக் கைவிட்டது. மறுபுறம், உலகக் கால்பந்தாட்டத்தில் தலையை மூடி ஆட விரும்பிய பெண்களுக்கு இருந்த தடை 2014-இல் நீங்கியது. ஓரிடத்தில் உடையைக் குறைக்க உரிமை. மற்றோரிடத்தில் உடையைக் கூட்ட உரிமை. இரண்டும் ஒரே நியாயத்தைச் சார்ந்தவை. ஓடுகிறவளின் உடலைப் பற்றி ஓடுகிறவளுக்கே நன்கு தெரியும்.

1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளில் பெண்கள் ஹாக்கியும் வலைப்பந்தாட்டமும் முதன்முறையாக இடம்பெற்றன. அவ்வளவு பெரிய வாசல் நம் தலைநகரிலேயே திறந்தது. ஆயினும் தொடக்கப் பள்ளியில் மான்போல் ஓடிய சிறுமிகள் சிலர், பருவமெய்தியபின் திடலோரம் குடை பிடித்து நிற்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். சோம்பல் என்று சிலர் சொல்வர். வெட்கம் என்று சிலர் சொல்வர். அவளுக்குக் கொடுத்த விளையாட்டு உடை அவளுக்குப் பொருந்துகிறதா என்று கேட்டவர் எத்தனை பேர்?

கமோகியை உண்டாக்கிய பெண்கள் பெரும் செல்வத்தையோ அரசின் ஆதரவையோ கொண்டு தொடங்கவில்லை. மாலை நேர மொழி வகுப்பில் கூடினார்கள், மட்டை செய்வித்தார்கள், விதி எழுதினார்கள், ஆடினார்கள். அடுத்த ஆண்டுப் போட்டி விளையாட்டுக்கு உடை தைக்கக் கொடுக்குமுன், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஒருநாள் பிற்பகல் பெண் பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்து, எதை உடுத்தினால் நன்றாக ஓடுவீர்கள் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குச் செலவு ஒரு காசுமில்லை.